நீலத் தொப்பி இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? அமைதிப்படைச் செய்தியைப் படிக்க ஒரு வழி

வருடத்துக்கு நாலைந்து தடவையாவது இப்படி ஒரு தலைப்பு கண்ணில் படும்: "ஐ.நா. அமைதிப்படையின் கண்ணெதிரே பொதுமக்கள் படுகொலை". படித்ததும் ரத்தம் கொதிக்கும், சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான்கள் என்று நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் வேலைக்கு வந்த பிறகுதான், திட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, யாரை எதற்காகத் திட்ட வேண்டும் என்று கண்டுபிடிக்க ஏழெட்டு விஷயங்களைத் தேடிப் பார்த்தால் போதும் என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்குத் தெற்கு சூடானை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அமைதிப்படையால் என்ன முடியும், என்ன முடியாது என்ற இரண்டையும் ஒரே இடத்தில் அங்கே பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் "அமைதிப்படை" என்றாலே பலருக்கு 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படைதான் நினைவுக்கு வரும். அது ஐ.நா. அனுப்பியதல்ல; இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு நாட்டு ராணுவம் இன்னொரு நாட்டுக்குப் போனது. 2009இல் வன்னியில் ஐ.நா. அமைதிப்படை என்ற ஒன்றே கிடையாது, இருந்த ஐ.நா. ஊழியர்களும் 2008 செப்டம்பரிலேயே வெளியேறிவிட்டார்கள். அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு வந்து நீலத் தொப்பிக்காரர்கள், அதாவது ஐ.நா. அமைதிப்படை வீரர்கள் மீது கொட்டினால் கணக்கு சரியாக வராது.

இன்னொரு சொல், அகதி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெற்கு சூடான் முகாம் செய்தி ஒன்றில் எல்லாரையும் "அகதிகள்" என்றே எழுதிவிட்டேன், மூத்த ஆசிரியர் கூப்பிட்டு, "எல்லை தாண்டினார்களா தம்பி?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். தாண்டவில்லை. எல்லை தாண்டினால்தான் அகதி, அப்போது 1951 ஒப்பந்தம், ஐ.நா. அகதிகள் ஆணையம் எல்லாம் வரும். தாண்டாதவர் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர். அவரைக் காக்க வேண்டிய பொறுப்பு அவருடைய சொந்த அரசுக்குத்தான், சுட்டு விரட்டியது அதே அரசாக இருந்தாலும் கூட. அமைதிப்படையின் பாதித் தலைவலி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆணையைப் படியுங்கள்

செய்தியில் எந்தப் பணி, அதாவது எந்த நாட்டுக்கு அனுப்பிய அமைதிப்படை என்று பார்த்துக்கொண்டு, அதற்கான பாதுகாப்பு கவுன்சில் தீர்மானத்தின் எண்ணைத் தேடுங்கள். அந்தப் பணிக்கான ஆணை அதில்தான் இருக்கும். எண்ணும் ஆண்டும் இருந்தால் போதும், ஐ.நா. இணையதளத்தில் ஆறு மொழிகளில் கிடைக்கும் (தமிழ் அதில் இல்லை, ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும்). முன்னுரைப் பத்திகளைத் தாண்டிவிடுங்கள், கவலை தெரிவிப்பதும் கண்டிப்பதும் நினைவுகூர்வதுமாகவே பக்கக்கணக்கில் போகும். எண் போட்ட பத்திகளுக்கு வாருங்கள். அங்கே "ஏழாம் அத்தியாயத்தின் கீழ்" (ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயம்) என்ற சொற்களும், "தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்த அதிகாரம் அளிக்கிறது" என்ற வாசகமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த "எல்லா வழிகளும்" என்பதற்குச் சுடலாம் என்று அர்த்தம். அது இல்லாத பணியிடம் போய் ஏன் சுடவில்லை என்று கேட்பது, டிராபிக் போலீஸைப் பார்த்து ஏன் கொலைக்கேஸ் போடவில்லை என்று கேட்பது மாதிரி.

பொதுமக்களைக் காப்பது என்ற வேலையை ஒரு தீர்மானத்தில் வெளிப்படையாக முதன்முதலில் எழுதியது 1999இல்தான், சியரா லியோனுக்கு, தீர்மானம் 1270. 1994 ருவாண்டா இனப்படுகொலையும் 1995 போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையும் நடந்து முடிந்த பிறகு. அதற்கு முன்னால் அமைதிப்படை என்றால் பெரும்பாலும் இரண்டு ராணுவங்களுக்கு நடுவே போர்நிறுத்தக் கோட்டில் நின்று பைனாகுலரில் பார்த்து அறிக்கை எழுதும் வேலை.

தெற்கு சூடானில் இந்த மாற்றத்தை ஒரே பணிக்குள் பார்க்கலாம். 2011 ஜூலை 9இல் நாடு பிறந்தது, அதற்கு முந்தின நாள்தான் தீர்மானம் 1996 மூலம் பணியை அமைத்தார்கள். புது நாட்டுக்கு அரசு நிர்வாகம் கட்டிக்கொடுப்பதுதான் பெரிய வேலை. 2013 டிசம்பர் 15 இரவு தலைநகர் ஜூபாவில் அதிபர் சல்வா கீரின் ஆட்களுக்கும் முன்னாள் துணை அதிபர் ரியெக் மச்சாரின் ஆட்களுக்கும் சண்டை வெடித்ததும், எந்த அரசைக் கட்டிக்கொடுக்கப் போனார்களோ அதே அரசின் சிப்பாய்கள் வீடு வீடாகப் போய் மச்சாரின் இனமான நுவேர் மக்களைக் கொன்றார்கள். 2014 மே மாதம் தீர்மானம் 2155 வந்தது: அரசு கட்டும் வேலை போயிற்று, மிஞ்சிய நான்கு வேலைகளில் முதலாவது பொதுமக்கள் பாதுகாப்பு. அதில் ஒரு சொற்றொடரை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: வன்முறை எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும் சரி. அதாவது அரசுப் படை அடித்தாலும் தடுக்க வேண்டும். அடுத்த அடிக்கோடு: "தன் திறனுக்கும் படை நிற்கும் பகுதிகளுக்கும் உட்பட்டு". முதல் வரியில் கொடுத்ததை இரண்டாவது வரியில் சுருக்கிக்கொள்கிற சாமர்த்தியம் இது. எந்த ஆணையில் பார்த்தாலும் இந்த வால் இருக்கும், எனவே அடுத்த கேள்விகளெல்லாம் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியவைதான்.

தலையை எண்ணுங்கள், பிறகு வரைபடத்தைப் பாருங்கள்

"12,500 வீரர்கள்" என்று செய்தியில் படித்தால் பெரிய படையாகத் தெரியும். 2013 டிசம்பர் 24இல் தெற்கு சூடானுக்குப் பாதுகாப்பு கவுன்சில் அனுமதித்த எண்ணிக்கை அது. ஆனால் அனுமதித்த எண்ணிக்கை வேறு, வந்து சேர்ந்த எண்ணிக்கை வேறு. ஒவ்வொரு நாடும் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறது என்று ஐ.நா. வெளியிடும் பட்டியலில் உண்மைக் கணக்கு இருக்கும். அதிலும் ரோடு போடுகிற பொறியாளர், டாக்டர், சமையல்காரர், தளத்துக்குக் காவல் நிற்பவர் எல்லாரையும் கழித்தால், துப்பாக்கியோடு ரோந்து போகக்கூடியவர் எவ்வளவு மிஞ்சுவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதை ஆறு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பரப்பிப் பாருங்கள். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த நாட்டில் ஊருக்கு ஊர் போக முதன்முதலில் தார் போட்ட நெடுஞ்சாலையே ஜூபாவிலிருந்து உகாண்டா எல்லையில் நிமுலே வரை போகும் 192 கிலோமீட்டர்தான், 2012இல் திறந்தார்கள். நைல் நதிப் படுகையின் பெரும் பகுதி கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழைக்காலத்தில் நடந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, செருப்பே கையில்தான் வரும். அந்த மண்ணில் பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள கவச வண்டி ஒன்று இறங்கினால் என்ன ஆகும்? வருடத்தில் பாதி மாதங்களுக்கு ஹெலிகாப்டரை விட்டால் வழியில்லை, ஹெலிகாப்டர் பறக்க வேண்டுமென்றால் அரசுத் தரப்பிடம் பாதுகாப்பு உறுதி வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்து ஸ்ரெப்ரெனிட்சாவைத் திரும்பிப் படித்தால் வேறு மாதிரி தெரியும். போஸ்னியாவில் "பாதுகாப்பான பகுதிகள்" என்று ஆறு இடங்களை அறிவித்துவிட்டு, அவற்றைக் காக்க 34,000 பேர் வேண்டும் என்று தளபதிகள் கேட்டபோது, பாதுகாப்பு கவுன்சில் சம்மதித்தது 7,600 பேருக்கு. 1995 ஜூலையில் அந்த ஊர் வீழ்ந்தபோது அங்கே நின்றவர்கள் லேசான ஆயுதங்களோடு சில நூறு டச்சு வீரர்கள். அவர்கள் நடந்துகொண்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எட்டாயிரம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதற்கான பில்லை அந்தச் சிப்பாய்களிடம் மட்டும் நீட்டுவது, குறைந்த எண்ணுக்குக் கைதூக்கியவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போய்விடுகிறது.

கேட்டைத் திறந்தார்களா, திறந்த பிறகு என்ன

இனி தளத்துக்கு உள்ளே வருவோம். 2013 டிசம்பர் சண்டையில் ஜூபாவில் ஆயிரக்கணக்கான மக்கள் ஐ.நா. தளங்களின் வாசலுக்கு ஓடிவந்தார்கள். பணியின் தலைவர் நார்வேயைச் சேர்ந்த ஹில்டே யான்சன், கேட்டைத் திறக்கச் சொன்னார். பிறகு பென்டியு, மலாகல், போர் (ஊரின் பெயரே அதுதான்), வாவ் என்று பல ஊர்களில் இது நடந்து, உச்சத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் ஐ.நா. வேலிக்குள் இருந்தார்கள். அமைதிப்படை வரலாற்றில் இந்த அளவுக்கு முன்பு நடந்ததில்லை. அந்தக் கேட்டைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 1994இல் ருவாண்டா தலைநகர் கிகாலியில் பார்த்துவிட்டோம். ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் தஞ்சம் புகுந்த சுமார் 2,000 பேரை விட்டுவிட்டு பெல்ஜிய வீரர்கள் கிளம்பிப் போனார்கள், வாசலில் கொலைகாரர்கள் காத்திருந்தார்கள்.

ஆனால் திறப்பது முதல் படிதான். எனவே முகாம் பற்றிச் செய்தி வந்தால் வேலியைப் பற்றிக் கேளுங்கள். மண் மேடு எவ்வளவு உயரம், காவல் கோபுரம் எத்தனை, இரவில் வெளிச்சம் உண்டா, ஆயுதத்தோடு உள்ளே வருகிறவரைச் சோதிக்கிறார்களா. வேலி என்று எழுதினால் ஏதோ கோட்டை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பல இடங்களில் அது கம்பிச் சுருளும் மண்கரையும்தான். ஜோங்லேய் மாநிலத்தில் அகோபோ என்ற இடத்தில் சில டஜன் இந்திய வீரர்கள் மட்டும் இருந்த சின்னத் தளத்தை 2013 டிசம்பர் 19 அன்று சுமார் 2,000 ஆயுதக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, உள்ளே தஞ்சம் புகுந்திருந்த, அதிபர் கீரின் இனமான டிங்கா மக்களைச் சுட்டார்கள். குறுக்கே நின்ற இந்திய வீரர்கள் இருவர் இறந்தார்கள். 2014 ஏப்ரலில் போர் நகரத்தில் மனு கொடுக்க வருகிறோம் என்று வந்த கும்பல் வேலியை உடைத்து உள்ளே புகுந்து சுட்டதில் ஐம்பது பேர் அளவில் செத்தார்கள்.

மலாகல் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே வேலியை விட வேலிக்குள் நின்றவர்கள்தான் சிக்கல். ஷில்லுக், நுவேர், டிங்கா மூன்று இனத்தவரும் ஒரே முகாமில். 2016 பிப்ரவரி 17, 18 தேதிகளில் உள்ளே தகராறு மூண்டது, வேலியில் ஓட்டை போட்டு அரசு ராணுவச் சீருடை போட்டவர்களும் நுழைந்தார்கள், கூடாரங்கள் பற்றி எரிந்தன, முப்பது பேர் அளவில் இறந்தார்கள். சில காவல் நிலைகளை வீரர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், ஒரு முக்கியமான இடத்திலிருந்தவர்கள் சுடுவதற்கு எழுத்தில் அனுமதி கேட்டார்கள் என்று விசாரணைகளில் தெரியவந்தது. யோசித்துப் பாருங்கள், கூடாரம் எரிகிறது, நீங்கள் லெட்டர் கேட்கிறீர்கள். ஆணையில் "எல்லா வழிகளும்" இருந்தது, ஆளும் இருந்தார்கள், துப்பாக்கியும் இருந்தது. இந்த இடத்தில் தாராளமாகத் திட்டலாம்.

அப்புறம், முகாம் வாழ்க்கையையும் படியுங்கள், சுடப்பட்டவர் எண்ணிக்கையை மட்டும் படிக்காதீர்கள். 2014 மழைக்காலத்தில் பென்டியு முகாம் முழுக்க முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர், குழந்தையைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபடியே தாய்மார்கள் தூங்கினார்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு எழுதியது. நாலு நாளைக்கு என்று திறந்த இடத்தில் நாலு வருஷம் வாழ்ந்தால் இப்படித்தான் ஆகும். சாக்கடை வெட்டி, மண் கொட்டி மேடாக்கி, வரிசை போட்டு அந்த முகாமையே திரும்பக் கட்ட வேண்டி வந்தது.

விறகுக்குப் போகிறவர் யார் என்று கேளுங்கள்

எனக்குத் தெரிந்த வரையில் ஒரு பணி உருப்படியாக நடக்கிறதா என்று காட்டிக்கொடுக்கிற கேள்வி இதுதான். முகாமுக்குள் அரிசியோ சோளமோ கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், அதைச் சமைக்க விறகு வேண்டுமே? விறகு வேலிக்கு வெளியே இருக்கிறது. ஆண் போனால் எதிரி வீரன் என்று சுட்டுவிடுவார்கள். எனவே பெண்கள் போவார்கள், வன்புணர்வுக்கு ஆளாகலாம் ஆனால் உயிரோடு திரும்ப வாய்ப்பு உண்டு என்ற கொடூரமான கணக்கோடு. 2018 நவம்பர் கடைசியில் பென்டியு ஊரில் உணவு வாங்க நடந்து போன பெண்களில், பத்து நாளைக்குள் 125 பேருக்குப் பாலியல் தாக்குதலுக்கான சிகிச்சை கொடுத்ததாக அதே மருத்துவர்கள் அமைப்பு சொன்னது.

அதன் பிறகு பணி என்ன செய்தது என்று பாருங்கள்: ரோந்தைக் கூட்டினார்கள், சாலையோரப் புதர்களைப் பொறியாளர்களை வைத்து வெட்டினார்கள், ஒளிந்திருக்க இடம் இல்லாமல் ஆக்க. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் புதர் வெட்டியது ஒரு பெண்ணைக் காப்பாற்றும், நியூயார்க்கில் நிறைவேறிய கண்டனம் காப்பாற்றாது. ஆகவே செய்தியில் "ரோந்து" என்று வந்தால் எத்தனை மணிக்கு, நடந்தா வண்டியிலா, விறகுக்குப் போகும் பாதையிலா மெயின் ரோட்டிலா என்று தேடுங்கள். பகல் பதினோரு மணிக்கு மெயின் ரோட்டில் வெள்ளை வண்டியில் போய்த் திரும்புவதும் ரோந்து என்றுதான் அறிக்கையில் எழுதப்படும்.

தளபதிக்குத் தளபதி யார்

நீலத் தொப்பி போட்டவுடன் ஒரு சிப்பாய் ஐ.நா.வின் சிப்பாய் ஆகிவிடுவதில்லை. சம்பளம் அவருடைய நாடு கொடுக்கிறது, ஐ.நா. அந்த நாட்டுக்குத் தலைக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்கிறது. ஆபத்தான உத்தரவு வந்தால் பல படைப்பிரிவுத் தலைவர்கள் முதலில் தங்கள் தலைநகருக்குப் போன் போடுவார்கள். இன்ன மாவட்டத்துக்குப் போகமாட்டோம், இரவில் கிளம்பமாட்டோம் என்ற நிபந்தனைகளும் சில நாடுகளுக்கு உண்டு, அவை வெளியே தெரிவதில்லை.

2016 ஜூலையில் ஜூபாவில் மீண்டும் சண்டை. சீன வீரர்கள் இருவர் கவச வண்டியில் அடிபட்டு இறந்தார்கள். ஜூலை 11 அன்று ஐ.நா. தளத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருந்த டெரெய்ன் ஹோட்டலுக்குள் அரசுப் படையினர் புகுந்து ஒரு பத்திரிகையாளரைக் கொன்றார்கள், உதவிப் பணியாளர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் தொடர்ந்து உதவி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சீனா, எத்தியோப்பியா, நேபாளம், இந்தியா என நாலு நாட்டுப் படைகள் அந்தத் தளத்தில் இருந்தன, ஒன்றும் கிளம்பவில்லை. டச்சு நாட்டு ஓய்வு பெற்ற ஜெனரல் பாட்ரிக் கம்மார்ட் விசாரித்துக் கொடுத்த அறிக்கை, தலைமையே இல்லாத குழப்பம் என்று சொன்னதும், அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் பணியின் கென்யத் தளபதியைப் பதவி நீக்கினார், கென்யா கோபித்துக்கொண்டு தன் படையையே திரும்ப அழைத்தது. ஒருவரைத் தண்டித்தால் ஒரு நாட்டின் படையே போய்விடும் என்றால், அடுத்த தடவை தண்டிக்க யாருக்குக் கை வரும்?

இது ஏதோ ஒரு நாள் தவறு என்றும் ஒதுக்க முடியாது. ஐ.நா.வின் உள் கண்காணிப்பு அலுவலகமே 2014இல் ஒரு கணக்கு எடுத்தது: 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தாக்கப்பட்டதாகப் பதிவான 507 நிகழ்வுகளில் 101இல்தான், அதாவது ஐந்தில் ஒன்றில்தான், பணிகள் உடனடியாக ஏதாவது செய்தன.

படையினரே தவறு செய்தால் என்ன என்று கேட்பீர்கள். விசாரித்துத் தண்டிப்பது அவரவர் நாட்டின் வேலை, ஐ.நா. செய்யக்கூடியது திருப்பி அனுப்புவது. 2007இல் ஹெய்ட்டியிலிருந்து இலங்கைப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் புகாரில் அப்படித்தான் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் கொழும்பில்தான் தேட வேண்டும், நியூயார்க்கில் இல்லை.

கடைசியாக, கதவைச் சாத்தும் தேதி

எந்த அமைதிப்படையும் அந்த நாட்டு அரசின் சம்மதத்தில்தான் நிற்கிறது. 2023இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் அரசு அமைதிப்படையைப் போகச் சொன்னது, ஜூன் 30 அன்று பாதுகாப்பு கவுன்சில் பணியை முடித்து வைத்தது, அவ்வளவுதான். மக்கள் வேண்டும் என்று சொன்னார்களா என்பது கணக்கில் வராது. ஆகவே ஒரு பணி மூடப்படுகிறது என்று செய்தி வந்தால், தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து அந்த ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அத்தோடு தளங்கள் அதற்கு முன்பே எப்போது கைமாறின என்றும் பாருங்கள்.

சூடானின் டார்பூர் பகுதியில் அந்த வேலையைச் செய்து பார்த்தால்: பணி முடிந்தது 2020 டிசம்பர் 31. மேற்கே எல் ஜெனினாவில் இருந்த தளத்தை 2019லேயே ஒப்படைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த ஐ.நா. பணி அரசியல் பணி, அதில் படை கிடையாது. 2021 ஜனவரி நடுவில், எல் ஜெனினாவுக்கு வெளியே இடம்பெயர்ந்தோர் இருந்த கிரின்டிங் முகாம் எரிக்கப்பட்டது, நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அந்தச் செய்தியின் தலைப்பில் அமைதிப்படை என்ற சொல் வரவில்லை. வர ஆள் இல்லை.